இடுப்புச் சுளுக்குக்குப் படுக்கை மருந்தல்ல

அறுபது வயதைக் கடந்த பின்னரே எடை தூக்கும் பயிற்சியில் இறங்கினேன். முதுமையில் தசை தேயாதிருக்க அது நல்லது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சென்ற ஆண்டு ஒருநாள் காலை, தரையில் கிடந்த 40 கிலோ இரும்புத் தண்டை முதுகை வளைத்தபடி வெடுக்கென்று தூக்கினேன். இடுப்பில் சுளீரென்றது. "நிமிர்ந்து உட்கார்!" என்று முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளை அதட்டியவனால் நிமிர முடியவில்லை!

ஒரு மாதம் படுத்தே இருக்கும்படி வீட்டில் கட்டளை. இனி எழுந்து நடமாடுவோமா என்ற பயம் எனக்கு. மருத்துவரோ பரிசோதித்துவிட்டு, "தசைச் சுளுக்குத்தான், நடங்கள்" என்றார். பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர்கள் 186 பேரை வைத்துச் செய்த ஆய்வு 1995இல் வெளிவந்தது. இரண்டு நாள் படுத்திருந்தவர்களையும், முதுகுப் பயிற்சி செய்தவர்களையும்விட, வலி பொறுக்குமளவு அன்றாட வேலைகளைக் கவனித்தவர்களே விரைவில் தேறினார்களாம்.

நானும் வெந்நீர்ப் பை ஒத்தடத்துடன் முதல் நாள் வாசல்வரை, பிறகு தெருமுனைவரை நடந்தேன். அன்னதான அரிசி மூட்டையை மட்டும் தொடவில்லை. (இளைஞர்களுக்கு அதில் சிறிது மனத்தாங்கல்!) நான்காம் வாரம் வலி விலகியது.

ஆனால் அன்பர்களே, காலில் வலுக் குறைந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலோ அது வெறும் சுளுக்கல்ல. அக்கணமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இப்போது முழங்காலை மடக்கி, தண்டை உடம்போடு ஒட்டித் தூக்குகிறேன். 10 கிலோவில் தொடங்கி, சென்ற வாரம் 25ஐ எட்டினேன்.