ராகி அறுப்புக்கு முன்னால் போய் வருவோம்

கோலார் தங்கவயலில் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் சூடு எப்படி இருக்கும், பாறை எப்படி வெடிக்கும் என்று தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்த பேரப்பிள்ளைகள் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் எத்தனையோ பேர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பிறகு, அவர்களில் பலர் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் கூர்க், சிக்மகளூர், வயநாடு என்று பேச்சு ஓடுகிறது. ஆனால் ஊருக்குக் கிழக்கேயும் தெற்கேயும், காலையில் கிளம்பினால் பத்து மணிக்குள் தொட்டுவிடக்கூடிய தூரத்தில், யானைகள் நடமாடும் காடு இருக்கிறது. அந்தக் காட்டைப் பற்றி ஊருக்குத் தெரிந்ததெல்லாம் செய்தித்தாளில் வரும் சாவுச் செய்திகள்தான்: ஒரு நாள் யானை, ஒரு நாள் விவசாயி.

இந்தக் காட்டுக்குத் தங்கவயல்காரர்கள் ஒருமுறையாவது முறையாகப் போய் வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அதற்கு ஒரு பழைய கணக்கும் காரணம். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்கத்தை வளர்த்தபோது எந்திரங்கள் நீராவியில் ஓடின. நீராவிக்கு நிலக்கரியும் விறகும் வேண்டும். பூமிக்குள் மேற்கூரை சரியாமல் முட்டுக் கொடுக்கவும் மரம் வேண்டும். 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகுதான் விறகுப் பசி அடங்கத் தொடங்கியது. இன்று ஊரைச் சுற்றிப் பார்த்தால் சுரங்கக் கழிவான சயனைட் மேடுகளும் நீலகிரி மரத் தோப்புகளும்தான் கண்ணில் படுகின்றன. மிச்சமிருக்கும் காட்டைப் பார்க்க எல்லை தாண்ட வேண்டியிருக்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பது ஆந்திரத்தின் கௌண்டின்யா சரணாலயம். பலமனேருக்கும் குப்பத்துக்கும் இடையே ஏறத்தாழ 357 சதுர கிலோமீட்டர், 1990-இல் அறிவிக்கப்பட்டது. வயநாட்டின் பச்சையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இது இலையுதிர்க்கும் வறண்ட காடு. குண்டுப் பாறைகள், உசில், வேல மரங்கள், மூங்கில் புதர்கள், ஓடையோரத்தில் புங்கமும் அத்தியும். பாறைச் சரிவுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னான் என்ற பறவை இருக்கிறது. தென்னிந்தியாவின் இப்படிப்பட்ட பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. கரடி, சிறுத்தை, தேவாங்கு எல்லாம் உண்டு. காட்டின் வழியே ஓடும் கைகல், கௌண்டின்யா ஆறுகள் பாலாற்றுக்குப் போகின்றன. கௌண்டின்யாவின் தண்ணீர்தான் மோர்தானா அணையில் தேங்கிக் குடியாத்தத்தைத் தொடுகிறது. வட ஆற்காட்டிலிருந்து மைன்ஸ் வேலைக்கு வந்த பல குடும்பங்களின் சொந்த ஊர் அந்தப் பாலாற்றுப் பக்கம்தான்.

யானைகள் இங்கே பிற்பாடு வந்தவை. ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆந்திரத்தில் காட்டு யானையே இல்லை. 1980-களில் ஓசூர், தர்மபுரிக் காடுகளிலிருந்து கூட்டங்கள் கிழக்கே நகர்ந்து வந்து இங்கே தங்கிவிட்டன. ஒரு யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ அளவுக்குத் தீவனமும் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரும் வேண்டும். இந்த வறண்ட காடு அவ்வளவையும் தராது. எனவே அகழியைத் தாண்டியும் சோலார் வேலியைச் சாய்த்தும் அவை வயலுக்கு வருகின்றன. பங்காரப்பேட்டை தாலுகாவின் காமசமுத்திரம், கிருஷ்ணகிரிப் பக்கம் வேப்பனப்பள்ளி, மகாராஜகடை, ஆந்திரத்தில் குப்பம், ராமகுப்பம் என்று மூன்று மாநிலத்து விவசாயிகளும் அவற்றுக்காக இரவில் காவல் இருக்கிறார்கள். 2025 மே மாதம் கர்நாடகம் நான்கு கும்கி யானைகளை ஆந்திரத்துக்குக் கொடுத்தது; பலமனேர் அருகே முசலிமடுகுவில் அவற்றுக்கு முகாம் அமைந்தது. நிலைமை எவ்வளவு முற்றியிருந்தால் பக்கத்து மாநிலத்திடம் யானை கேட்க வேண்டி வந்திருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே பயணத் தேதியைக் குறிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ராகிப் பயிரை. லீவு பட்டியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பக்கம் ஆனி, ஆடியில் விதைத்த ராகி ஐப்பசியில் பால் பிடிக்கும். அங்கிருந்து மார்கழியில் அறுத்துப் போர் போடும் வரைக்கும் யானை காட்டின் ஓரத்திலேயே நிற்கும், ஊரும் தூங்காது. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் முடிய அங்கே போவது விருந்தாளி செய்யும் காரியமாகாது. ராத்திரியெல்லாம் பட்டாசும் டார்ச்சுமாகக் கண்விழித்தவர்களிடம் காலையில் போய் யானை எந்தப் பக்கம் என்று கேட்க நமக்கு வாய் வரக்கூடாது.

பிப்ரவரியிலிருந்து மழை வரும் வரை வேறு ஆபத்து. இலை முழுவதும் கொட்டி, புல் காய்ந்து, ஒரு பீடித் துண்டுக்குக் காடே பற்றும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபது பேருக்கு மேல் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அதுவும் காய்ந்த புல் மலைதான். அந்த மாதங்களில் ஓடைகளும் வற்றிவிடும். மிச்சமிருக்கும் நாலைந்து குட்டைகளுக்கு எல்லா உயிர்களும் வரும். அங்கே போய் நாம் நிற்கக்கூடாது.

மிச்சமிருப்பது ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. முதல் மழைகள் பெய்து மூங்கில் துளிர்த்திருக்கும், பயிர் இன்னும் பச்சையாக இருக்கும், பலமனேர்–குப்பம் சாலையோரத்துக் கைகல் அருவியில் தண்ணீர் விழும். அருவிப் பாறை வழுக்கும். குளிக்க ஆசைப்பட்டு மேலே ஏறுபவர்களை அதட்டியாவது நிறுத்துங்கள். பறவைக்காகப் போகிறவர்களுக்கு ஜனவரி பாதிக்கு மேலும் ஏற்றது, அறுப்பு முடிந்திருந்தால்.

அடுத்தது அனுமதி. 1972 வனவுயிர்ச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழைய வனத்துறையின் சீட்டு வேண்டும். சுற்றிப் பார்க்கவும் படம் எடுக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது, ஆனால் கேட்டு வாங்க வேண்டும். பலமனேரிலோ குப்பத்திலோ ரேஞ்ச் ஆபீசுக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். எத்தனை பேர், எந்த நாள், எதற்காக என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஆறு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். பெயர் தெரியாத வாட்ஸப் குழுவினர் பணம் வாங்கிக்கொண்டு அழைத்துப் போகிறோம் என்றால் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். 2024 தொடக்கத்தில் குமார பர்வதத்தில் கூட்டம் அலைமோதிய பிறகு, ஆன்லைன் பதிவு இல்லாத மலையேற்றங்களைக் கர்நாடகம் நிறுத்தி வைத்ததும் இப்படிப்பட்ட கூட்டத்தால்தான்.

தங்கவயல்காரர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. வீட்டில் தமிழ், ஆபீசில் கன்னடம், சந்தையில் தெலுங்கு என்று மூன்றிலும் வளர்ந்தவர்கள். கூட வரும் வனத்துறை வாட்சரோடு நேராகப் பேசலாம். பெங்களூரிலிருந்து வரும் எந்தச் சுற்றுலாக் குழுவுக்கும் இது வாய்க்காது. அந்தப் பேச்சிலிருந்துதான் முக்கியமான சேதி கிடைக்கும்: நேற்று ராத்திரி கூட்டம் எந்தப் பக்கம் இருந்தது, குட்டி கூட இருக்கிறதா, தனிக் கொம்பன் சுற்றுகிறதா. வாட்சர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வந்த செலவைக் கணக்குப் பார்க்காமல் திரும்பிவிட வேண்டும்.

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், கணுக்கால் மூடும் ஷூ, மங்கல் நிறத் துணி. யானைக்குக் கண் மந்தம், மோப்பம் கூர்மை. சென்ட் அடித்துக்கொண்டு போவது நாம் வருகிறோம் என்று தூது அனுப்புவதற்குச் சமம். சூடு ஆறாத லத்தியோ, ஒடிந்து பால் வடியும் கிளையோ பார்த்தால் அங்கேயே பேச்சை நிறுத்தி வாட்சரின் கையைப் பாருங்கள். போனில் சிக்னல் பல இடத்தில் இருக்காது. போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதி வையுங்கள். பைக்கில் போகிறவர்கள் நாலு மணிக்கெல்லாம் மெயின் ரோட்டுக்கு வந்துவிட வேண்டும்; அந்தி மயங்கினால் சாலையும் யானைக்குத்தான். பங்காரப்பேட்டையிலிருந்து காமசமுத்திரம், பிசாநத்தம் வழியே குப்பத்துக்கு ரயில் இருக்கிறது. ரயிலில் போய் அங்கே வண்டி பிடிப்பது எனக்கு நல்ல யோசனையாகப் படுகிறது.

திட்டத்தில் சேர்க்கவே கூடாத இடம் ஒன்று உண்டு. இதே கோலார் மாவட்டத்தில் அனுமனஹள்ளிக் குகையில், கோலார் இலைமூக்கு வௌவால் வாழ்கிறது. உலகத்தில் மிச்சம் 200-க்கும் குறைவு. கல் குவாரி வெடிகளைத் தாண்டிப் பிழைத்த அவற்றின் முகத்தில் நாம் டார்ச் அடிக்க வேண்டாம்.

குழந்தைகளைக் காட்டுக்குப் பழக்க நினைப்பவர்கள் ஊரிலேயே தொடங்கலாம். மூடிய சுரங்கங்களைச் சுற்றியுள்ள வெட்டவெளிகளில் வெளிமான்கள் மேய்கின்றன. தெருநாய்கள் துரத்திக் கொல்லும் அந்த மான்களைத் தூரத்தில் நின்று, சத்தமில்லாமல், காலை வெயிலில் பார்க்கப் பிள்ளைகள் கற்றுக்கொண்டால் கௌண்டின்யாவில் எப்படி நடக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

தமிழ்நாடு 2024-இல் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் சீட்டுக் கொடுத்து, அந்தந்த ஊர்க்காரர்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தது. இந்த முச்சந்திக் காட்டுக்கும் அப்படி ஒரு ஏற்பாட்டை மூன்று மாநில வனத்துறைகளும் சேர்ந்து செய்ய வேண்டும். ராமகுப்பத்திலும் காமசமுத்திரத்திலும் ராத்திரி யானை விரட்டப் போகும் இளைஞர்களுக்குக் காட்டின் ஒவ்வொரு தடமும் தெரியும். மழைக்கால மூன்று மாதம் அவர்கள் வழிகாட்டிகளாகச் சம்பளம் வாங்கட்டும். சீட்டுப் பணத்தில் ஒரு பங்கு, யானை மிதித்த வயலுக்கு நஷ்ட ஈடாக அந்த வாரத்திலேயே போகட்டும்.