நிலைத்த தொகையும் ஏறும் விலையும்: அரியக்குடியை முன்னிறுத்தி அரசின் குடும்பப் பொருளுதவிகள் – ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

விலைவாசி உயர்வால் நெருக்கடிக்கு உள்ளாகும் குடும்பங்களுக்கு அரசு பண்டமாகவும் கட்டண விலக்காகவும் பணமாகவும் உதவுகிறது. இம்மூன்றும் ஒரே நோக்கம் உடையவை எனினும் விலை ஏறும்போது ஒரே வகையில் இயங்குவதில்லை. முதல் இரண்டில் விலையேற்றத்தின் சுமையை அரசு ஏற்கிறது. மூன்றாவதில் குடும்பம் ஏற்கிறது. தமிழ்நாட்டின் நடைமுறையில் உள்ள திட்டங்களைக் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்கி, ஊராட்சி நிலையிலிருந்து மாநகராட்சி எல்லைக்குள் வந்த அரியக்குடியில் அது பெறும் பொருளை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: மகளிர் உரிமைத் தொகை, நியாயவிலை, விலைக் குறியீட்டெண், மெய்மதிப்பு, அரியக்குடி, செட்டிநாடு.

முன்னுரை

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடியை ஒட்டி அமைந்துள்ள அரியக்குடி, தென் திருப்பதி எனப் போற்றப்படும் திருவேங்கடமுடையான் கோயிலாலும், கருநாடக இசைக் கச்சேரி முறைக்கு இன்றைய வடிவம் தந்தவராகக் கருதப்படும் அரியக்குடி இராமானுஜ ஐயங்காராலும் அறியப்பட்ட ஊராகும். செட்டிநாட்டு ஊர்கள் என்றவுடன் கடல் கடந்த வணிகமும் மாளிகை வீடுகளும் கோயில் திருப்பணிகளும் நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயின் அவ்வூர்களிலேயே கூலி உழைப்பையும், கண்மாய் நீரையும் மழையையும் நம்பிய சிறு வேளாண்மையையும் சார்ந்த குடும்பங்களும் வாழ்கின்றன. அரிசி, பருப்பு, எரிவாயு, பேருந்துக் கட்டணம், மருந்து ஆகியவற்றின் விலை உயரும்போது முதலில் பாதிக்கப்படுவோர் இவர்களே.

இத்தகைய குடும்பங்களுக்கான அரசு உதவிகள் குறித்த விவாதம் பெரும்பாலும் "எவ்வளவு கொடுப்பது?", "யாருக்குக் கொடுப்பது?" என்னும் இரு வினாக்களோடு நின்றுவிடுகிறது. "கொடுத்தது காலப்போக்கில் என்ன ஆகிறது?" என்னும் மூன்றாம் வினாவை இக்கட்டுரை மையமாகக் கொள்கிறது. ஆய்வெல்லையாக 2023 செப்டம்பர் முதல் 2025 இறுதி வரையிலான காலம் அமைகிறது. ஒப்பீட்டிற்காக முற்காலத் திட்டங்களும் சுட்டப்படுகின்றன.

பண்டவழி உதவி

தமிழ்நாட்டில் விலைவாசிக்கு எதிரான அரசின் முதன்மைக் கருவி அரிசியே. உணவுத் தட்டுப்பாட்டுச் சூழலில் 1967 ஆம் ஆண்டு ஆட்சிக்கு வந்த அறிஞர் அண்ணாவின் அரசு, ஒரு ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கும் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. நிதிச்சுமை காரணமாக அத்திட்டத்தை மாநிலம் முழுமைக்கும் விரிவாக்க இயலவில்லை. விலையை நிலைப்படுத்தும் பொறுப்பை அரசு ஏற்கும்போது அதற்கான செலவையும் அரசே ஏற்க வேண்டியிருக்கும் என்பதை அத்தொடக்க கால அனுபவமே உணர்த்தியது.

2011 ஜூன் முதல் அரிசி பெறும் குடும்ப அட்டைகளுக்கு நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்கீழ்த் துவரம் பருப்பும் பாமாயிலும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. வெளிச்சந்தையில் ஒரு கிலோ துவரம் பருப்பு 150 ரூபாயைத் தாண்டிய காலத்திலும் நியாயவிலைக் கடையில் அதன் விலை 30 ரூபாயாகவே இருந்தது. குடும்பத்தைப் பொறுத்தவரை இவ்வுதவியின் மதிப்பு குறையவில்லை. மாறாக, சந்தை விலை ஏறியபோது அதன் மதிப்பும் உடன் ஏறியது. ஒரு கிலோ பருப்பு எந்த ஆண்டிலும் ஒரு கிலோ பருப்பே.

கட்டண விலக்கு

இரண்டாம் வகை, குடும்பம் செலுத்த வேண்டிய கட்டணத்தை அரசு தள்ளுபடி செய்தல். 2016 மே மாதத்திலிருந்து வீட்டு மின் இணைப்புகளுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை 100 அலகு மின்சாரம் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்த்தப்பட்ட பின்னரும் இச்சலுகை தொடர்ந்தது. 2021 மே மாதம் முதல் சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். இத்திட்டம் விடியல் பயணம் என்று பெயர் பெற்றுள்ளது.

இவ்வுதவிகளின் அளவுகோல் பணம் அன்று. மின்சாரத்தின் அலகும் பயணமுமே ஆகும். அரியக்குடியிலிருந்து காரைக்குடிக்கு வேலைக்குச் செல்லும் ஒரு பெண்ணுக்கு, டீசல் விலை எவ்வளவு உயர்ந்தாலும் நகரப் பேருந்தில் செலவு ஏதுமில்லை. விலையேற்றத்தின் சுமை போக்குவரத்துக் கழகத்திற்கு அரசு ஈடுசெய்யும் தொகையில் சேர்கிறது. இவ்வகைக்குரிய குறையையும் கருத வேண்டும். பேருந்து வரும் ஊருக்கே பேருந்துச் சலுகை பயன்படும். வேலைக்குச் செல்ல இயலாத முதியவருக்கு அதனால் கிடைக்கும் பயன் சிறிதே.

பணவழி உதவி

மூன்றாம் வகையின் முதன்மை எடுத்துக்காட்டு கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டமாகும். 2023 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தின்கீழ்த் தொடக்கத்தில் ஏறத்தாழ 1 கோடியே 6 இலட்சம் குடும்பத் தலைவியருக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. "உதவித் தொகை" என்னாது "உரிமைத் தொகை" என்று பெயரிட்டமை கருதத்தக்கது. ஊதியம் பெறாத இல்லப் பணியை மதிக்கும் கொள்கை அப்பெயரில் அடங்கியுள்ளது.

பணத்தின் சிறப்பு அதன் நெகிழ்ச்சி. இம்மாதம் மருந்துக்கும் அடுத்த மாதம் பள்ளிச் செலவிற்கும் அதனைப் பயன்படுத்தலாம். பெண்ணின் பெயரிலேயே கணக்கில் சேர்வதால் செலவு பற்றிய முடிவில் அவள் குரலுக்கு இடம் கிடைக்கிறது. அரிசியும் பேருந்தும் இவ்வுரிமையைத் தருவதில்லை. ஆயினும் விலை ஏறும்போது பணமே மதிப்பிழக்கிறது. விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்வதாகக் கொண்டால், இன்றைய 1000 ரூபாயின் வாங்கும் ஆற்றல் ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 784 ரூபாயாகவும், பத்தாண்டுகளில் ஏறத்தாழ 614 ரூபாயாகவும் சுருங்கும். எவரும் ஆணை பிறப்பிக்காமலே, எந்தச் சட்டமன்றத்திலும் விவாதிக்கப்படாமலே இக்குறைப்பு நிகழ்கிறது.

முதியோர் ஓய்வூதியம் தரும் சான்று

இது வெறும் கணக்கன்று. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2011 ஆம் ஆண்டு 500 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அடுத்த உயர்வு 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. தொகை 1200 ரூபாயாயிற்று. 2012 ஐ 100 எனக் கொண்ட அகில இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டெண் 2023 ஜூலையில் ஏறத்தாழ 186 ஆக இருந்தது. எனவே 2012 இல் 1000 ரூபாய்க்கு வாங்கிய பொருள்களை வாங்க 2023 இல் ஏறத்தாழ 1860 ரூபாய் தேவைப்பட்டது. கிடைத்ததோ 1200. உயர்வு என்று அறிவிக்கப்பட்ட நாளிலும் அத்தொகை பழைய மதிப்பில் மூன்றில் இரு பங்கிற்கும் சற்றே குறைவாக இருந்தது.

ஒன்றிய அரசின் பங்களிப்பு இதனினும் தெளிவான சான்று. 60 முதல் 79 வயது வரையிலான முதியோருக்கு ஒன்றிய அரசு அளிக்கும் பங்கு, 2007 இல் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் என்று பெயர் மாற்றம் பெற்ற காலத்தில் இருந்த 200 ரூபாயாகவே தொடர்கிறது. சமையல் எரிவாயு மானியமும் இவ்வாறே. வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்பட்ட அம்மானியம் 2020 மே மாதம் முதல் பொதுப் பயனாளிகளுக்கு நின்றது; பின்னர் உருளையின் விலை ஏறியபோதும் உஜ்வலா பயனாளிகளுக்கு மட்டுமே மானியம் மீண்டது.

குறியீட்டெண்ணோடு இணைந்த தொகைகள்

பணம் மதிப்பிழப்பது தவிர்க்க இயலாத ஒன்றன்று. அரசு ஊழியரின் அகவிலைப்படி, தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் அடிப்படையில் ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படுகிறது. மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் ஊதியம் வேளாண் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைக் கொண்டு ஆண்டுதோறும் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அவ்வூதியம் 2023-24 இல் நாளொன்றுக்கு 294 ரூபாய். 2024-25 இல் 319 ரூபாய். 2025-26 இல் 336 ரூபாய். இரண்டாண்டுகளில் ஏற்பட்ட உயர்வு 14 விழுக்காட்டிற்கும் சற்று மிகுதி. இதே விகிதத்தில் உயர்ந்திருந்தால் மகளிர் உரிமைத் தொகை 1143 ரூபாய் ஆகியிருக்கும்.

பிற நாடுகளிலும் இருவகை நடைமுறைகளையும் காணலாம். பிரித்தானியாவில் பெரும்பாலான சமூகப் பாதுகாப்பு உதவிகள் முந்தைய செப்டம்பர் மாதப் பணவீக்க வீதத்தைக் கொண்டு ஏப்ரலில் திருத்தப்படுகின்றன. 2023 ஏப்ரலில் அவ்வுயர்வு 10.1 விழுக்காடாக இருந்தது. இலங்கையில் 2022 இன் கடும் பணவீக்கத்திற்குப் பின்னர், 2023 இல் அஸ்வெசும நலன்புரித் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் தொகைகளுள் சில 2025 தொடக்கத்தில் அரசின் தனி முடிவால் உயர்த்தப்பட்டன. முன்னதில் விதி முடிவு செய்கிறது; பின்னதில் அரசியல் சூழல் முடிவு செய்கிறது.

அரியக்குடியின் நிலை

காரைக்குடி நகராட்சி 2024 இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டபோது, கோட்டையூர், கண்டனூர் ஆகிய பேரூராட்சிகளோடு அரியக்குடி உள்ளிட்ட சில ஊராட்சிகளும் அதில் இணைக்கப்பட்டன. இம்மாற்றம் சாலை, குடிநீர், தெருவிளக்கு முதலிய வசதிகளுக்கு வழிவகுக்கலாம். ஆயின் ஊரக வேலை உறுதிச் சட்டம் ஊரகப் பகுதிகளுக்கு மட்டுமே உரியது. 2025 டிசம்பரில் அதற்கு மாற்றாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய, 125 நாள் வேலைக்கு உறுதி கூறும் சட்டமும் ஊரகத்திற்கே உரியது. நகர்ப்புறங்களுக்கெனத் தமிழ்நாடு அரசு 2022 இல் தொடங்கிய வேலைவாய்ப்புத் திட்டம் சோதனை அளவிலேயே அமைந்தது.

இதன் விளைவைக் கணக்கிட்டுக் காணலாம். 2025-26 ஊதிய வீதத்தில் 100 நாள் வேலையின் மதிப்பு ஆண்டிற்கு 33,600 ரூபாய். நடைமுறையில் கிடைக்கும் நாள்கள் இதனினும் குறைவு என்பதால் இது உச்ச அளவே. ஆயினும் 36 நாள் வேலை கிடைத்தாலே மகளிர் உரிமைத் தொகையின் ஆண்டு மதிப்பான 12,000 ரூபாயை அது கடந்துவிடும். மாநகராட்சி எல்லைக்குள் வரும் குடும்பம் விலையோடு சேர்ந்து உயரும் வருவாயை இழந்து, விலையால் தேயும் தொகையை மட்டும் தக்கவைத்துக்கொள்கிறது. வீட்டின் நிலையோ குடும்பத்தின் வறுமையோ மாறவில்லை. ஆட்சி எல்லைக் கோடு மட்டுமே மாறியுள்ளது.

தகுதி வரம்பும் மறைமுகச் சுருக்கமும்

தொகை மட்டுமன்றித் தகுதி வரம்பும் தேய்மானத்திற்கு உட்பட்டதே. மகளிர் உரிமைத் தொகைக்கான வரம்புகளுள் நஞ்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர், ஆண்டு மின் நுகர்வு 3600 அலகு ஆகியவை பருப்பொருள் அளவைகள். விலைவாசி அவற்றைத் தொடுவதில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 இலட்சம் ரூபாய் என்னும் வரம்போ பண அளவை. விலைக்கு ஈடாகக் கூலியும் உயரும்போது, வாழ்க்கைத் தரத்தில் எவ்வித முன்னேற்றமும் இன்றியே ஒரு குடும்பம் அவ்வரம்பைக் கடந்துவிடக்கூடும். இருவர் கூலி வேலை செய்யும் குடும்பங்களுக்கு இவ்வாய்ப்பு மிகுதி.

அகலமும் ஆழமும்

குறியீட்டெண்ணோடு இணைப்பதற்கு எதிரான முதன்மை வாதம் நிதிச்சுமை. அதன் அளவைத் துல்லியமாகவே கூற இயலும். 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் 1.15 கோடி மகளிருக்கென 13,807 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. மாதத் தொகையை 5 விழுக்காடு, அதாவது 50 ரூபாய் உயர்த்தினால் ஆண்டிற்கு 690 கோடி ரூபாய் கூடுதலாகத் தேவைப்படும். 2025 டிசம்பரில் ஏறத்தாழ 17 இலட்சம் மகளிர் புதிதாகச் சேர்க்கப்பட்டதற்கான ஆண்டுச் செலவு ஏறத்தாழ 2040 கோடி ரூபாய். விடுபட்டோரைச் சேர்ப்பது நியாயமானதே. ஆயினும் அரசு அகலத்தைத் தேர்ந்து ஆழத்தை ஒத்திவைத்தது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. அத்தேர்வு தவறென்பது இங்குக் கருத்தன்று. அது ஒரு தேர்வு என்பது வெளிப்பட வேண்டும் என்பதே கருத்தாகும்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

பண்டமும் கட்டண விலக்கும் குடும்பத்தை விலையேற்றத்திலிருந்து காக்கின்றன. பணம் அக்குடும்பத்திற்குத் தேர்வுரிமையை அளிக்கிறது. ஒன்று மற்றொன்றிற்கு மாற்றாகாது. ஆதலின் நியாயவிலைப் பொருள்களுக்கு மாற்றாகப் பணம் வழங்கலாம் என்னும் கருத்தைக் குறியீட்டெண் இணைப்பு உறுதி செய்யப்படாத நிலையில் ஏற்பதற்கில்லை.

பண உதவித் தொகையையும் அதற்கான வருமான வரம்பையும் ஆண்டுதோறும் வேளாண் தொழிலாளர் விலைக் குறியீட்டெண்ணைக் கொண்டு திருத்துதல் வேண்டும். ஊதியத்திற்கு ஏற்கெனவே பின்பற்றப்பட்ட முறையே இது. புதிதாக வகுக்க வேண்டியதன்று.

ஊராட்சிகள் நகர உள்ளாட்சிகளோடு இணையும்போது, வேலை உறுதித் திட்டத்தை இழக்கும் குடும்பங்களுக்கு இடைக்கால ஈடு வழங்கும் விதி தேவை. அரியக்குடி போன்ற ஊர்களில் இணைப்பிற்கு முன்னும் பின்னுமான குடும்ப வரவு செலவை ஒப்பிட்டு ஆராய்வது சமூகவியல், பொருளியல் ஆய்வாளர்கள் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.

உரிமை என்று பெயரிட்டு வழங்கப்படும் தொகை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறையுமாயின், பெயருக்கும் பொருளுக்கும் இடைவெளி ஏற்படும். அவ்விடைவெளியை நிரப்புவது அரசின் கருணையாக அன்றி, விதியாக அமைதல் வேண்டும்.