எட்டு வரிக்குப் பதில் ஒரு வரி

1983 ஜனவரி 1. அமெரிக்காவில் இன்டர்நெட்டின் தாத்தாவான அர்பாநெட்டுக்குக் கெடு. இருந்த சில நூறு கம்ப்யூட்டர்களும் அன்றைக்குப் பழைய பாஷையை விட்டு டிசிபி-ஐபி பேசியாக வேண்டும். இல்லாவிட்டால் கனெக்‌ஷன் கட்! சமாளித்துக் கரையேறியவர்கள் அதைச் சொல்லி பேட்ஜ் குத்திக்கொண்டார்கள்.

அப்படி எல்லாரையும் ஒரே நாளில் மாற்றுவது அதற்கப்புறம் நடக்காத காரியம். கம்ப்யூட்டர்கள் லட்சக்கணக்கில் பெருகிவிட்டன. வந்தது முகவரிச் சிக்கல்.

அப்போது முகவரிகளை ரெடிமேட் சட்டை மாதிரி மூன்றே சைஸில் தந்தார்கள். சின்னது 256, நடுத்தரம் 65,536, பெரியது ஒன்றரைக் கோடிக்கும் மேல். 2,000 கம்ப்யூட்டர் உள்ள கம்பெனி என்ன செய்யும்? நடுத்தரம் வாங்கினால் 63,000 வீண். சின்னதில் எட்டு வாங்கலாம். ஆனால் வழிகாட்டும் பெட்டிகளான ரௌட்டர்களில், உலகத்தின் முக்கியமானவை எல்லாம், இந்த ஒரு கம்பெனிக்காக எட்டு வரி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

1993-ல் வந்த சைடர் (குடிக்கிற சமாசாரம் இல்லை) அந்த எட்டையும் ஒரே வரியாக்கியது. நம்ம பின்கோடு மாதிரிதான். மாம்பலம் எங்கே இருக்கிறது என்று டெல்லியில் தெரிய வேண்டாம். முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளா பக்கம். மீதி எண்களை இங்கே பார்த்துக்கொள்ளலாம்.

இதில் எனக்குப் பிடித்தது, யாருக்கும் கெடு வைக்கவில்லை. நடுவிலிருக்கும் ரௌட்டர்கள் ஒவ்வொன்றாக மாறின. ஆபீஸ் மேஜைக் கம்ப்யூட்டருக்கு விஷயமே தெரியாது.

1995-ல் வெளியான ஐபி பதிப்பு 6-க்கு இந்த சாமர்த்தியம் போதவில்லை. முகவரி என்னவோ தாராளம்தான். ஆனால் பழைய பதிப்பு 4-உடன் நேராகப் பேசத் தெரியாது. முதலில் மாறுகிறவர் இரண்டையும் கட்டி மாரடிக்க வேண்டும். யார் முந்துவார்? அதற்கு முன்பே, ஒரே முகவரிக்குப் பின்னால் ஆபீஸ் முழுக்க ஒண்டுக்குடித்தனம் நடத்தும் 'நேட்' தந்திரம் வந்துவிட்டது. யாரையும் கேட்காமல் வைத்துக்கொள்ளலாம், அன்றைக்கே பலன். சனங்கள் எதைப் பிடித்துக்கொள்வார்கள், சொல்லுங்கள்! 2016-ல் புதிதாக வந்த ஜியோவுக்குப் பழைய மூட்டை இல்லை, ஆரம்பத்திலிருந்தே 6-ஐயும் கொடுத்தது. இந்தியா முன்வரிசைக்கு வந்தது.

4-ஐ விடாதவர்கள் கதை வேறு. 2011 பிப்ரவரி 3-ல் அதன் மையக் கையிருப்பு தீர்ந்தது. முகவரிகளைத் துண்டு போட்டு விற்கிறார்கள், துண்டுக்கொரு வரி. 2014 ஆகஸ்ட் 12-ல் டேபிள் 5,12,000 வரிகளைத் தாண்டியபோது, அவ்வளவுக்குத்தான் இடம் ஒதுக்கியிருந்த பழைய ரௌட்டர்கள் திணறிப்போய்ப் பல வெப்சைட்கள் படுத்துக்கொண்டன. இப்போது சுமார் பத்து லட்சம் வரி.