நடுகல்லும் நான்கடி மண்ணும்: வளர்ப்புப் பிராணி இறந்தபின் உரிமைகளும் எச்சரிக்கைகளும்

வளர்ப்புப் பிராணியின் நினைவைப் போற்றுவது மேலைநாட்டிலிருந்து அண்மையில் வந்த பழக்கம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அதை மறுப்பதற்குத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல் ஒன்றே போதும். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு அங்கே நடுகல் எடுக்கப்பட்டது. நடுகல் என்பது போரிலோ ஆநிரைப் பூசலிலோ உயிர்விட்டோர்க்கு ஊரார் நட்டு வழிபடும் நினைவுக்கல். அக்கல்லில் வீரனின் அருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருப்பதோடு, கோவிவன் என்ற அதன் பெயரும், அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் பொறிக்கப்பட்டுள்ளன. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கென்றே தனிக்கல் உண்டு. கர்நாடகத்து ஆதகூரில், பன்றியோடு பொருது இறந்த காளி என்னும் வேட்டைநாய்க்குப் பத்தாம் நூற்றாண்டின் நடுவில் கல் நட்டு, அதன் வழிபாட்டுக்கு நிலமும் விட்டிருக்கிறார்கள்.

இக்கல்லெடுப்புகள் அனைத்திலும் அன்புக்கு இணையாக நிலமும் இருந்தது என்பதே இன்றைய வாசகர் கவனிக்க வேண்டிய செய்தி. கொங்கு நாட்டுத் தோட்டங்களில் காங்கேயம் காளையோ பசுவோ இறந்தால் அதே தோட்டத்தில் அடக்கம் செய்யும் வழக்கம் இன்றும் காணப்படுகிறது. ஆனால் பனியன் கம்பெனிகளும் லைன் வீடுகளும் நெருங்கிக் கிடக்கும் திருப்பூர் ராயபுரம் போன்ற பகுதிகளில், வாடகை அறையில் ஒரு நாயையோ பூனையையோ பிள்ளைபோல் வளர்த்த குடும்பத்துக்கு, அது இறந்த அன்று புதைக்க நான்கடி மண் கிடைப்பதில்லை. உடலை எங்கே கொண்டுபோவது என்ற முதல் கேள்விக்கே விடை இல்லாத இடத்தில் நினைவு, துயரம், மரியாதை ஆகியவை குறித்த மற்றப் பேச்செல்லாம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. சாக்கில் கட்டி இரவோடிரவாக ஜம்மனை ஓடையிலோ நொய்யலிலோ வீசும் கொடுமைக்கு அன்பின்மை காரணமல்ல, வழியின்மையே காரணம்.

அவ்வாறு வீசுவது சட்டப்படியும் குற்றமாகும். பொதுமக்களின் நலத்துக்கும் பாதுகாப்புக்கும் கேடு தரும் செயலைப் பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய தண்டனைச் சட்டத்தின் 270ஆம் பிரிவு பொதுத் தொல்லை என வரையறுக்கிறது; உயிருக்கு ஆபத்தான தொற்று பரவக் கூடுமென்று தெரிந்தும் கவனக்குறைவாக நடப்போருக்கு 271ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. தொற்றுநோயால் இறந்த, அல்லது அவ்வாறு இறந்ததென ஐயுறப்படும் விலங்கின் உடலை விதித்த முறைப்படி அப்புறப்படுத்துவது அதை வைத்திருப்பவரின் கடமை என்று 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் கூறுகிறது. சாயக்கழிவால் நொய்யலும் நிலத்தடி நீரும் பட்ட பாட்டை, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்குக் கண்ட ஊர் திருப்பூர் என்பதால், நீர்நிலைக்கு மேலும் ஒரு சுமையை ஏற்றக் கூடாது என்பதை இங்கே யாருக்கும் தனியே விளக்கத் தேவையில்லை.

புதைக்க இடம் கிடைத்தால், அந்த நிலம் சொந்தப் பட்டா நிலமாகவோ நில உரிமையாளர் ஒப்புதல் தந்த நிலமாகவோ இருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரிடம் கேட்காமல் முற்றத்தில் குழி வெட்டுவது பின்னர்ப் பெரிய தகராறாகலாம். கிணறு, ஆழ்துளைக் கிணறு, குடிநீர்க் குழாய் ஆகியவற்றிலிருந்து நன்கு விலகி, தெருநாய்கள் தோண்டி எடுக்க முடியாதபடி மூன்று நான்கடி ஆழத்துக்குக் குறையாமல் வெட்டுவது நல்லது. உடலைச் சுற்றப் பருத்தித் துணி போதும். திருப்பூரில் எளிதில் கிடைக்கும் பாலியெஸ்டர் கட்டிங் துணியும் பிளாஸ்டிக் பையும் மக்காமல் கிடந்து உடல் மண்ணோடு கலப்பதைத் தடுத்துவிடும். கருணைக்கொலை ஊசியால் இறந்த பிராணியாயின் ஆழம் இன்னும் முக்கியமாகிறது. ஏனெனில் அதற்குப் பயன்படும் பார்பிட்யூரேட் வகை மருந்து உடலில் நெடுநாள் தங்கியிருந்து, அதைத் தின்னும் நாயையும் பறவையையும் கொல்லக் கூடியது.

எல்லாவற்றினும் பெரிய ஆபத்து ரேபிஸ் எனப்படும் வெறிநோய். இறந்த நாயின் உமிழ்நீரிலும் மூளையிலும் அந்நோயின் வைரஸ் இருக்கக்கூடும் என்பதால், நடத்தை திடீரென மாறி, வாயில் எச்சில் வழிந்து, விழுங்க முடியாமல் இறந்த பிராணியைக் கையுறை இன்றித் தொடுவதோ, கடைசியாக ஒருமுறை முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுவதோ கூடாது. யாரையேனும் கடித்த நாய் பத்து நாளுக்குள் இறந்தால் அதை அமைதியாகப் புதைத்துவிடாமல் கால்நடை மருத்துவரிடமும் சுகாதாரத் துறையிடமும் தெரிவிக்க வேண்டும். கடிபட்டவர் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்க வேண்டும்; அறிகுறி வெளிப்பட்டபின் ரேபிஸைக் குணப்படுத்தும் மருத்துவம் இன்றளவும் இல்லை. மாடு திடீரென இறந்து மூக்கிலோ ஆசனவாயிலோ குருதி கசிந்தால் அது அடைப்பான் நோயாக, அதாவது ஆந்த்ராக்ஸாக இருக்கலாம். அந்த உடலை அறுக்கவே கூடாது.

இறப்பில் ஐயம் இருந்தால் நினைவுச் சடங்குகளுக்கு முன் சான்றுகளைக் காப்பதே முதல் வேலை. சட்டத்தின் பார்வையில் வளர்ப்புப் பிராணி இன்னமும் உரிமையாளரின் உடைமையாகவே கருதப்படுகிறது என்பது வருத்தத்துக்குரியதுதான். ஆயினும் அதுவே ஒரு பாதுகாப்பாகவும் அமைகிறது. நஞ்சு வைத்தோ அடித்தோ ஒரு விலங்கைக் கொன்று இழப்பு விளைவிப்போருக்கு நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய் வரையிலான அபராதமே உள்ளதால், காவல் நிலையத்தில் தரும் புகாரில் 325ஆம் பிரிவையும் குறிப்பிடுவது அவசியம். உடலை அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசென்று உடற்கூறாய்வு கோரலாம். அதுவரை உடலைப் பனிக்கட்டியின் மேலோ குளிர்பெட்டியிலோ வைக்கலாமேயன்றி உறையவைக்கக் கூடாது. உறைந்த திசுவில் நோய்க்குறிகள் சிதைந்துவிடும்.

சிகிச்சைப் பிழையால் இறந்தது என்று தோன்றினால் மருந்துச்சீட்டு, பரிசோதனை அறிக்கை, கட்டண ரசீது ஆகியவற்றின் படிகளைக் கேட்டுப் பெற வேண்டும். கட்டணம் பெற்றுச் செய்யப்படும் கால்நடை மருத்துவமும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி ஒரு சேவையே. எனவே இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரவும் சட்டம் இடமளிக்கிறது. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முன்னதாக ஆலோசனை கேட்கலாம். மருத்துவரின் தொழில் ஒழுக்கம் பற்றிய முறையீடு மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்துக்குச் செல்ல வேண்டும். காப்பீடு செய்த கறவை மாடாயின் காதுத் தோட்டினை அகற்றாமல், நிறுவனத்துக்கு அறிவித்த பிறகே புதைக்க வேண்டும். தோடு இல்லையேல் இழப்பீடு இல்லை என்பதே காப்பீட்டு நடைமுறை.

உடலுக்குரிய மரியாதை முடிந்தபின் நினைவுக்கு உருவம் கொடுக்கும் வழிகள் பல. அடக்கத்துக்கு முன்பே களிமண்ணில் பாதத் தடத்தைப் பதித்து உலர்த்தி வைப்பது, கழுத்துப்பட்டையைப் படத்தோடு சட்டமிட்டு மாட்டுவது, தகனம் செய்திருந்தால் தொட்டியில் ஒரு செடி நட்டுச் சாம்பலைச் சிறிதளவு அதன் மண்ணில் கலப்பது ஆகியவை ஒற்றை அறையில் வாழ்வோர்க்கும் இயலும். வசதி உள்ளவர்கள் சிலை வைக்கவும் செய்கிறார்கள். சிவகங்கை மாவட்டம் மானாமதுரை அருகே பிராமணக்குறிச்சியில், டாம் என்ற தம் லாப்ரடார் நாய்க்கு முதியவர் ஒருவர் பளிங்குச் சிலையோடு கோயிலே எழுப்பியிருக்கிறார். சொந்த நிலத்தில் இதற்குத் தடையில்லை. புறம்போக்கிலோ தெருவோரத்திலோ பூங்காவிலோ எழுப்பினால், பொது இடங்களில் புதிய வழிபாட்டுக் கட்டடங்களை 2009இலும் சாலைகளில் சிலைகளை 2013இலும் தடுத்த உச்ச நீதிமன்ற உத்தரவுகள் குறுக்கே நிற்கும். பச்சைக்கிளி வளர்த்தோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் பாதுகாப்புக்குரிய பறவை. அதைக் கூண்டில் வைத்திருப்பதே குற்றமாகையால், இறந்த கிளியின் உடலைப் பாடம்செய்து காட்சிக்கு வைப்பதும் சிக்கலைத் தரும்.

துயரத்துக்கும் இடம் வேண்டும். சமூகம் இழப்பென்றே ஒப்புக்கொள்ளாத இழப்பால் வரும் வேதனையை அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989இல் அங்கீகாரம் மறுக்கப்பட்ட துயரம் என்று வகைப்படுத்தினார். நாய் செத்ததற்கா லீவு என்று கேட்கப்படும் டெய்லரின் நிலை அதுவே. பிராணி இறப்புக்கெனத் தனி விடுப்பு எச்சட்டத்திலும் இல்லை. எனினும் தகுதியுள்ள தொழிலாளி, வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் வீதம் சேரும் ஊதிய விடுப்பைக் காரணம் எதுவாயினும் கேட்கலாம். பீஸ் ரேட்டில் தைப்போரும் தொழிற்சாலைத் தொழிலாளர்தாம். உறக்கமும் உணவும் பல நாள் தவறினால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். குழந்தைகளிடம், நாயை ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்று பொய் சொல்வதைத் தவிர்த்து, இறந்துவிட்டது என்று எளிய சொல்லில் கூறி அடக்கத்தில் பூப்போட அவர்களையும் அழைத்துச் செல்வது பின்னாளைய ஏக்கத்தைக் குறைக்கும்.

மீண்டும் நிலத்தின் கேள்விக்கே வர வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதற்கான தீர்வு தனிமனிதர் கையில் இல்லை. 1898 ஜூனில் பிரான்சில் வந்த சட்டம், இறந்த விலங்குகளைக் குடியிருப்புகளுக்கு அப்பால் ஆழப் புதைக்க வேண்டும் என்று விதித்தது. சேன் ஆற்றில் நாயுடல்கள் மிதந்த நிலையை மாற்ற, வழக்கறிஞர் ஜார்ஜ் ஆர்முவாவும் பத்திரிகையாளர் மார்கரித் துயூரானும் அதற்கு அடுத்த ஆண்டே பாரிஸ் அருகே ஆனியேரில் பிராணிகளுக்கான கல்லறைத் தோட்டத்தைத் திறந்தார்கள். திருப்பூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோயம்புத்தூரில், சீரநாயக்கன்பாளையத்தில் வளர்ப்புப் பிராணிகளுக்கான எரிவாயு தகனமேடை அமைந்திருக்கிறது. அத்தகைய ஒன்றைத் தம் மாநகராட்சியிடம் கோர ராயபுரத்து மக்களுக்கு முழு உரிமை உண்டு. வார்டு உறுப்பினர் முன்னிலையில் நடக்கும் பகுதி சபாக் கூட்டத்தில் தீர்மானமாக முன்வைக்கலாம். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரகக் குறைதீர் கூட்டத்தில் மனு தரலாம். தெருவில் இறக்கும் விலங்குகளை மாநகராட்சி எங்கே, எவ்வாறு அப்புறப்படுத்துகிறது, அதற்கு எவ்வளவு செலவிடுகிறது என்பதைத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டு முப்பது நாளில் எழுத்துமூலம் விடை பெறலாம். அந்த விடையை இணைத்து எழுதப்படும் மனு வெறும் வேண்டுகோளைவிட வலுவாக நிற்கும். மனுவில் தெருவிலுள்ள பல குடும்பங்கள் சேர்ந்து கையொப்பமிட்டு, ஒப்புகைச் சீட்டின் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.