ஓடாத மெட்ரோவின் நிலையம்



கோடை விடுமுறைக்குப் பாரிஸிலிருந்து வந்த என் தங்கையின் மகன் சூரிச் பிரதான ரயில் நிலையத்தில் நின்று கேட்டான்: "மாமா, இவ்வளவு காசுள்ள ஊரிலை ஏன் ஒரு மெட்ரோ இல்லை?" லா சப்பலில் மெட்ரோவால் இறங்கிக் கடைக்குப் போய்ப் பழகிய பிள்ளைக்கு அது புதினமாக இருந்தது. நான் அவனை ஷொப்வில் கடைத்தொகுதியின் பக்கமாக 21ஆம், 22ஆம் மேடைகளுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "இதுதான் தம்பி, கட்டிவிட்டு ஓடாமல் போன மெட்ரோவின் நிலையம்" என்றேன்.

இன்று அங்கேயிருந்து சில் பள்ளத்தாக்குக்கு எஸ் 4 வண்டியும், ஊற்லிபேர்க் மலைக்கு எஸ் 10 வண்டியும் புறப்படுகின்றன. ஆனால் அந்த நிலத்தடிக் கூடு கட்டப்பட்டது அவற்றுக்காக அல்ல.

கதை 1962 இல் தொடங்குகிறது. ட்ராம் வண்டிகளை நகர மத்தியில் நிலத்துக்குக் கீழே இறக்கும் திட்டம் அந்த ஆண்டு வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. அப்போது ஆண்களுக்கு மட்டுமே வாக்குரிமை. பிறகு இதைவிடப் பெரிய திட்டமொன்று வந்தது. அது விமான நிலையத்துக்கும் நகருக்கும் ஊடாக ஓடும் உண்மையான சுரங்க ரயிலும், அதோடு சேர்த்து எஸ்-பான் புறநகர் ரயிலும். அதிகாரிகள் வெற்றி நிச்சயம் என்ற நம்பிக்கையில் சில பகுதிகளை முன்கூட்டியே கட்டத் தொடங்கினார்கள். பிரதான நிலையத்தின் அந்தக் கூடு ஒன்று. சுவாமென்டிங்கன் பக்கத்துச் சுரங்கம் இன்னொன்று.

1973 மே 20 இல் மக்கள் "வேண்டாம்" என்றார்கள். இந்த முறை பெண்களும் வாக்களித்தார்கள். செலவு ஒரு காரணம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. மெட்ரோ வந்தால் நகர மத்தியில் அலுவலகங்கள் பெருகும், வாடகை ஏறும், சாதாரண குடும்பங்கள் வெளியே தள்ளப்படும் என்று பலர் நினைத்தார்கள். இன்று சூரிச்சில் வீடு தேடி அலையும் எங்களுக்கு அந்தப் பயம் விளங்காமல் இல்லை.

கணக்காளன் கண்ணால் பார்த்தால், அந்தக் கூடு அன்றைக்கு வெறும் நட்டம். போட்ட காசு போனதுதான். ஆனால் அவர்கள் அதை இடிக்கவில்லை. சுவாமென்டிங்கன் சுரங்கத்தை ட்ராமுக்குக் கொடுத்தார்கள். 1986 முதல் 7ஆம், 9ஆம் இலக்க ட்ராம்கள் அதனூடாக ஓடுகின்றன. அங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. நிலையங்களில் மேடை நடுவில் இருக்கிறது, ட்ராமுக்கோ கதவு வலது பக்கத்தில் மட்டும். ஆகவே சுரங்கத்துக்குள் ட்ராம்கள் எங்கள் ஊர் வாகனங்களைப் போல இடது பக்கமாக ஓடுகின்றன! அடுத்த முறை போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

"வேண்டாம்" என்ற மக்கள் சும்மாவும் இருக்கவில்லை. 1977 இல் ட்ராமுக்கும் பஸ்ஸுக்கும் வீதியில் முன்னுரிமை கொடுக்கப் பணம் ஒதுக்கினார்கள். சந்தியில் ட்ராம் வந்ததும் பச்சை விளக்கு எரிவது அந்த வழியில் வந்த பலன். 1981 இல் எஸ்-பான் தனியாக வாக்கெடுப்புக்கு வந்தது. 50 கோடிப் பிராங்குக்கும் மேலான செலவு, ஆனாலும் பெரும்பான்மையோர் "ஆம்" என்றார்கள். 1990 மே மாதம் எஸ்-பான் ஓடத் தொடங்கியது. சில் பள்ளத்தாக்கு ரயிலும் அதே மாதம் செல்னோவிலிருந்து நீட்டப்பட்டு அந்தப் பழைய கூட்டுக்குள் வந்து சேர்ந்தது. 17 ஆண்டுகள் நட்டக் கணக்கில் கிடந்தது சொத்துப் பக்கத்துக்கு மாறியது.

சுவிஸில் மெட்ரோவே இல்லை என்றும் நினைக்கவேண்டாம். லொசானில் சாரதி இல்லாத எம் 2 மெட்ரோ 2008 முதல் ஓடுகிறது. 14 நிலையங்கள், ஏறக்குறைய 6 கிலோமீற்றர்.

இதை ஏன் சொல்கிறேன்? வருமான வரிப் படிவம் நிரப்ப என்னிடம் வரும் குடும்பங்களின் கடிதக் கட்டுக்குள், பிரிக்கப்படாத வாக்கெடுப்புக் கடிதவுறைகளை அடிக்கடி காண்கிறேன். "இது எங்களுக்கு விளங்காது அண்ணை, பழைய பேப்பரோடு போடுங்கோ" என்கிறார்கள். பிரஜாவுரிமைக்காக எத்தனை வருடம் காத்திருந்தோம், எவ்வளவு கட்டினோம்! அந்தக் கடிதவுறைக்குள் இருப்பது எங்கள் வாடகை, எங்கள் பயணச்சீட்டு, பிள்ளைகளின் பாடசாலை. 1973 இல் சொன்ன "வேண்டாம்" நகரத்தின் உருவத்தையே மாற்றியது. ஆமோ இல்லையோ, அது உங்கள் விருப்பம். ஜெர்மன் வாசிக்கக் கடினமென்றால் பிள்ளைகளோடு மேசையில் இருந்து பிரியுங்கள். வாக்குரிமை உள்ள பிள்ளை இருந்தால் அதன் கடிதவுறையையும் தேடிப் பாருங்கள்.

21ஆம் மேடையில் அடுத்த முறை நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.