பச்சையாகத்தான் இருக்கிறது பயிர்

ஜப்பானின் தொயாமா பகுதியில் ஜின்சு ஆற்றுப் பாசன வயல்களில் நெல் சரியாக விளையவில்லை என்ற முறையீடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்திலேயே எழுந்துவிட்டது. ஆற்றின் மேற்பகுதியில் கமியோகா சுரங்கம் இருந்தது. துத்தநாகமும் ஈயமும் வெட்டி எடுத்தார்கள். துத்தநாகத் தாதுவோடு கூடவே வருவது காட்மியம். அது கழிவோடு ஆற்றில் கலந்து, வாய்க்கால் வழியாக வயலுக்கு வந்து சேர்ந்தது. விளைச்சல் குறைந்ததைப் பற்றித்தான் விவசாயிகள் பேசினார்கள். விளைந்த நெல்லை யாரும் சந்தேகிக்கவில்லை. குத்தி, வடித்து, சாப்பிட்டார்கள்.

பிறகு பெண்களின் எலும்புகள் நோகத் தொடங்கின. பெரும்பாலும் பல பிள்ளை பெற்ற, நடுவயது தாண்டியவர்கள். காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்க, எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரைந்து போனது. இருமினாலே விலா எலும்பு முறியும் நிலைக்குப் போனவர்கள் உண்டு. அவர்கள் வலியில் அரற்றிய சொல்லே ‘இத்தாய் இத்தாய்’ என்று நோயின் பெயராயிற்று. நொபொரு ஹகினோ என்ற உள்ளூர் மருத்துவர் காட்மியத்தைக் கைகாட்டினார். 1968இல் ஜப்பான் அரசு இதை மாசினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. சுரங்க நிறுவனத்தின் மேல் பாதிக்கப்பட்டவர்கள் போட்ட வழக்கு, 1972இல் மேல்முறையீட்டிலும் அவர்கள் பக்கமே தீர்ந்தது.

நெல் ஏன் இந்த நஞ்சை உள்ளே விடுகிறது? தெரிந்து விடுவதில்லை. பயிருக்கு மாங்கனீசு வேண்டும். அதை மண்ணிலிருந்து வாங்கிக்கொள்ள வேரில் ஒரு புரதம் இருக்கிறது. ஆய்வாளர்கள் அதை என்ராம்ப் 5 என்பார்கள். மாங்கனீசுக்குத் திறக்கும் அந்த வாசல் காட்மியத்துக்கும் திறக்கிறது. ஆர்சனிக் இன்னொரு வாசல் வழியாக, அதாவது சிலிக்கா போகும் வழியாக நுழைகிறது. குரோமியத்தின் கொடிய வடிவமான ஆறிணைதிறன் குரோமியம், கந்தகச் சத்து போகும் பாதையைப் பிடித்துக்கொள்கிறது.

உள்ளே வந்ததைப் பயிர் சும்மா விடுவதில்லை. கந்தகம் நிறைந்த சிறு புரதத் துணுக்குகளை உண்டாக்கி, உலோகத்தைக் கட்டிப்பிடித்து, செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில் போட்டு அடைக்கிறது. ஈயமும் குரோமியமும் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். காட்மியம் அப்படியல்ல, தண்டேறி, இலையேறி, கதிருக்கும் போகும். அளவு மீறினால் வேர்நுனி பழுப்பேறிக் குட்டையாகும், இரும்புச் சத்து எட்டாமல் இளம் இலை வெளுக்கும், தூர் குறையும். ஆனால் மனிதனுக்குக் கேடு செய்யும் அளவுக்கு மணியில் காட்மியம் சேர்ந்த பிறகும் பயிர் பச்சைப்பசேல் என்று நிற்கக்கூடும். தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் கூடாது என்பது சர்வதேச உணவுத்தர அமைப்பான கோடெக்ஸ் வகுத்த வரம்பு. வரப்பில் நின்று பார்த்து அதைக் கண்டுபிடிக்க எந்த அனுபவசாலியாலும் முடியாது.

இங்கே தண்ணீர் ஒரு சிக்கலான வேலை செய்கிறது. வயலில் தண்ணீர் கட்டி நிறுத்தினால், காற்றில்லாத சேற்றில் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து இறுகிவிடும், வேருக்குக் கிடைக்காது. அதே சேற்றில் ஆர்சனிக்கைப் பிடித்து வைத்திருந்த இரும்புத் துரு கரைந்து, ஆர்சனிக் விடுபடும். வயலைக் காயவிட்டால் ஆர்சனிக் அடங்கும், காட்மியம் கிளம்பும். தண்ணீர்ச் சிக்கனத்துக்காகத் தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்படும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறை நல்ல முறைதான். ஆனால் காட்மியம் ஏறிய மண்ணில், கதிர் வரும் நேரத்தில் வயலைக் காயப்போடுவது ஆபத்து.

சரி, மண்ணிலும் பயிரிலும் இவ்வளவு நஞ்சு இருந்தால், பயிரைத் தின்கிற பூச்சியாவது சாகுமா?

சில செடிகள் இதை நம்பியே வாழ்கின்றன. பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் பிக்னாண்ட்ரா அக்யுமினாட்டா என்ற மரம் இருக்கிறது. பட்டையைக் கீறினால் நீலமும் பச்சையும் கலந்த பால் வடியும். அந்தப் பாலைக் காயவைத்து நிறுத்தால் எடையில் ஏறக்குறைய கால் பங்கு நிக்கல். இப்படி உலோகத்தை வாரிக் குவிக்கும் செடிகள், பூச்சிகளை விரட்டத்தான் அப்படிச் செய்கின்றன என்ற கருத்தை அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் பாய்டும் அவருடைய சகாக்களும் 1990களில் சோதித்தார்கள். கலிபோர்னியாவில் நிக்கல் சேர்க்கும் ஸ்ட்ரெப்டாந்தஸ் என்ற கடுகுக் குடும்பச் செடியின் இலையைத் தின்ற முட்டைக்கோஸ் புழுக்கள் செத்தன.

இலையைக் கடித்து மென்றவை சிக்கிக்கொண்டன. சாற்றை மட்டும் உறிஞ்சிய அசுவினியும் வெள்ளை ஈயும் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. போதாததற்கு, அந்த நிக்கல் செடியையே உணவாகக் கொண்டு, உடலில் நிக்கலைச் சுமந்துகொண்டு வாழும் ஒரு நாவாய்ப்பூச்சியும் அகப்பட்டது. அதற்குப் பாய்டின் பெயரையே சேர்த்து மெலனோட்ரிகஸ் பாய்டி என்று வைத்துவிட்டார்கள்!

அந்தக் காட்டுச் செடிகளில் இருக்கும் அளவோடு ஒப்பிட்டால், மாசுபட்ட வயலின் பயிரில் இருப்பது சொற்பம். அந்தச் சொற்ப அளவைப் பூச்சிகள் சமாளிக்கின்றன. நிலக்கடலை, பருத்தி விவசாயிகள் நன்றாக அறிந்த புரோட்டீனியா புழுவை எடுத்துக்கொள்ளலாம். உணவில் நிக்கல் அதிகமானால் அதன் வளர்ச்சி குன்றுகிறது. மிகக் குறைந்த அளவில் கொடுத்தபோது வளர்ச்சி கூடியதாகவே சீன ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நஞ்சை அடக்க அதன் குடல் செல்களில் உலோகத்தைக் கட்டும் புரதங்கள் சுரக்கின்றன. தோலுரிக்கும்போதும் கூட்டுப்புழுவாகும்போதும் பழைய குடற்சுவரோடு உலோகத்தில் ஒரு பங்கையும் கழித்துவிடுகிறது. இன்னொரு சேதி கவலைக்குரியது. செம்பு கலந்த உணவில் வளர்ந்த புரோட்டீனியா புழுக்கள் பீட்டா சைபர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தையும் கூடுதலாகத் தாங்கின. உலோகத்தின் அழுத்தம், பூச்சியின் நச்சு முறிக்கும் நொதிகளை முன்கூட்டியே முடுக்கிவிடுகிறது.

விவசாயியின் நண்பனான பொறிவண்டு இதே கணக்கில் எங்கே நிற்கிறது? அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாக்கடைக் கசடு கலந்த மண்ணில் கடுகு வளர்த்து, அதில் கடுகு அசுவினியை விட்டு, அசுவினியைப் பொறிவண்டுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மண்ணில் இருந்த காட்மியமும் துத்தநாகமும் ஈயமும் ஒவ்வொரு படியாக ஏறிப் பொறிவண்டு வரைக்கும் போய்ச் சேர்ந்தன. உலோகம் ஏறிய இரையைத் தின்ற பொறிவண்டுகள் சில சோதனைகளில் மெதுவாக வளர்ந்தன, முட்டையைக் குறைத்தன. சிலவற்றில் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. எப்படிப் பார்த்தாலும், கெட்ட மண் பூச்சியையாவது ஒழிக்கும் என்ற கணக்கு எடுபடவில்லை.

உலோகத்தை நம்பிப் பூச்சியோடு சண்டை போட்டதும் உண்டு. அமெரிக்காவில் 1892 முதல் ஈய ஆர்சனேட் என்ற மருந்து புழக்கத்துக்கு வந்தது. ஆப்பிள் தோட்டங்களில் காய்த்துளைப்பானுக்கு எதிராகப் பல பத்தாண்டுகள் அதை அடித்துத் தள்ளினார்கள். 1920களின் இறுதிக்குள் கொலராடோவின் காய்த்துளைப்பான், மற்ற இடத்துப் பூச்சிகளைவிட அதிகமாக ஆர்சனிக்கைத் தாங்குவது பதிவாகிவிட்டது. மருந்துக்கு 1988இல் தடை வந்தது. பழைய தோட்ட மண்ணில் ஈயமும் ஆர்சனிக்கும் இன்னும் இருக்கின்றன. காய்த்துளைப்பானும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கதையின் முகவரி பாலாற்றுப் படுகை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு அது. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பாதியாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டதாகத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. அங்கே மண்ணைக் கெடுத்ததில் உப்புக்கும் பெரிய பங்கு உண்டு. பழியை முழுக்கக் குரோமியத்தின் மேல் போடுவது சரியாகாது. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு மலையோ வேறு ரகம். லட்சம் டன்னுக்கு மேல் குவிந்திருக்கும் அதில் இருப்பது தண்ணீரில் கரைந்து ஓடும் ஆறிணைதிறன் குரோமியம்.

ஜின்சு ஆற்றங்கரையில் கெட்டுப்போன மேல்மண்ணைப் புதைத்து, அதன்மேல் நல்ல மண்ணைப் பரப்பினார்கள். ஏறத்தாழ 860 ஹெக்டேரைச் சரிசெய்ய 1979 முதல் 2012 வரை ஆயிற்று. அதே 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், புகழ்பெற்ற கோஷிஹிகாரி நெல்லின் விதைமேல் கார்பன் அயனிகளைப் பாய்ச்சி, அந்த மாங்கனீசு வாசல் பழுதான ஒரு ரகத்தை உருவாக்கியதாக அறிவித்தார்கள். அதன் மணியில் காட்மியம் அநேகமாக இல்லை. அகிதா பகுதி 2025 முதல் தன் முக்கிய ரகத்தையே இந்தக் குணம் சேர்த்த ரகமாக மாற்றத் தொடங்கியிருக்கிறது. கதிர்வீச்சு அரிசி என்று எதிர்ப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

நம் விவசாயிக்கு அந்த ரகம் வருவதற்கு முன்னால் தெரியவேண்டியது, தன் மண்ணில் என்ன இருக்கிறது என்பது. மத்திய அரசின் மண்வள அட்டை 12 அம்சங்களைச் சொல்கிறது: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்து. காட்மியம், ஈயம், குரோமியம், ஆர்சனிக் அந்தப் பட்டியலில் இல்லை. தோல் ஆலை, சாயப்பட்டறை, முலாம் பூசும் பட்டறை, சாக்கடைநீர்ப் பாசனம் இவற்றில் ஏதேனும் ஒன்று பக்கத்தில் இருக்கும் ஊர்களில் மட்டுமாவது இந்த நான்கையும் அட்டையில் சேர்க்க வேண்டும். அதுவரை, மண் மாதிரி கொடுக்கும் விவசாயிகள் கன உலோகச் சோதனையைத் தனியாகக் கேட்டு வாங்குவதுதான் வழி.