பதில் வராத அழைப்பு

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப் பாதை கேரளத்தில் தொடங்கித் தேனி மாவட்டத்தில் முடிகிறது. இத்தகைய மலைப்பாதையில் ஒரு வளைவில் இருக்கும் சிக்னல் அடுத்த வளைவில் இருக்காது. ஜீப் வாடகையை யுபிஐயில் அனுப்பும் நொடியில் சிக்னல் போய்விட்டால், பணம் போய்ச் சேர்ந்ததா இல்லையா?

பணம் அனுப்பும்போது கைபேசியும் வேறொரு கணினியிடம் வேலையை ஒப்படைக்கிறது. இப்படி ஒப்படைத்து விடைக்குக் காத்திருப்பதை ஆர்பிசி, அதாவது தொலை செயல்முறை அழைப்பு என்பார்கள். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் ஆண்ட்ரூ பிரெல்லும் புரூஸ் நெல்சனும் 1984இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு அடித்தளம். பதில் வராவிட்டால், கோரிக்கையே சேராமல் போயிருக்கலாம், வேலை நடந்துகொண்டிருக்கலாம், வேலை முடிந்து பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அழைத்தவருக்கு மூன்றும் ஒரே மௌனம்தான். தொலை அழைப்பின் சிக்கலெல்லாம் இந்த மௌனத்தில் இருக்கிறது.

இணைப்பு அறுந்தாலும் அது உடனே தெரிவதில்லை. லினக்ஸில் டிசிபி இணைப்பைச் சோதிக்கும் வசதியை இயக்கினாலும், இயல்பு அமைப்பில் 2 மணி நேரம் எதுவும் நகராமல் இருந்த பிறகே முதல் சோதனை போகும். அதனால் மென்பொருள் தானே ஒரு கெடு வைத்துக்கொள்கிறது.

கெடு தாண்டினால் மறுபடி அனுப்பலாமா? கணக்கில் இருப்பு எவ்வளவு என்று பத்து முறை கேட்டாலும் நட்டமில்லை. 500 ரூபாய் கொடு என்று இரண்டு முறை சொன்னால் 1,000 போய்விடும். பிரெல்லும் நெல்சனும் ஒவ்வொரு அழைப்புக்கும் ஓர் அடையாள எண் கொடுத்தார்கள். மறுபடி அனுப்பும்போதும் அதே எண்தான். அதை ஏற்கெனவே பார்த்த கணினி வேலையைத் திரும்பச் செய்யாது. எனக்கு இதில் பிடித்தது இதன் அடக்கம்: மலையில் சிக்னல் அறாமல் காக்க எவராலும் ஆகாது, மறுமுயற்சியால் கேடு வராமல் காக்க முடியும். ஆனால் எண்ணை நினைவகத்தில் மட்டும் வைத்தால், கணினி அணைந்து எழும்போது அது மறந்துபோகும். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் கணக்குப் பதிவோடு சேர்த்தே எழுதிவைக்க வேண்டும்.

2016இல் வந்த யுபிஐயிலும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி எண் உண்டு. ‘பெண்டிங்’ என்று காட்டும்போது அந்த எண்ணைச் சொல்லி நிலையை விசாரிக்க முடியும். பதற்றத்தில் நாமே புதிதாக அனுப்பினால் எண் மாறிவிடும். வங்கிக்கு அது வேறொரு கொடுப்பனவு. ஆகவே கொஞ்சம் பொறுங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, ஒருவர் கணக்கில் கழிந்த பணம் மற்றொரு தனிநபரின் கணக்கில் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும்; தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, புகார் கொடுக்காமலேயே.